தூக்க நாலு பேர்

தீ விபத்து ஒத்திகைக்குச் சைரன் அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, சூப்பர்வைசர் சூரியபிரகாஷ் என் சக்கர நாற்காலியைத் தோல் அடுக்கும் ரேக்குக்குப் பின்னால் தள்ளி நிறுத்தினார்.

“நசீமாக்கா, கோச்சுக்காதீங்க. நீங்க கொஞ்சம் வெயிட் ஜாஸ்தி. ஜெர்மன்காரர் பாக்கறப்ப படியில கீழ வுட்டுட்டா பேஜாராய்டும். உங்களுக்குப் பதிலா அந்த ஆரஞ்சு சேர்ல சோபனா உக்காரட்டும்.”

வெயிட்டாம். பதினோரு வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஷூவுக்குத் தையல் போட்டால் உடம்பு ஊதாமல் என்ன செய்யும்?

எனக்குச் சின்ன வயதிலேயே போலியோ. தையல் ஹால் இருப்பதோ மாடியில். லிஃப்டில் ஏறுவேன், லிஃப்டில் இறங்குவேன். சைரன் அடித்தால் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள்.

போன வருஷம் பசை டப்பா ஒன்று பற்றிக்கொண்டது. இருநூறு பேரும் ஓடினார்கள். என்னைத் தாண்டித்தான் ஓடினார்கள். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். அல்லாவின் கிருபை, புகை தானாக அடங்கியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு மீட்டிங்கிலும் ஒரே கேள்விதான் கேட்டேன். தீப்பிடித்தால் என்னை யார் தூக்குவார்கள்?

செத்தால் தூக்க நாலு பேர் வேண்டும் என்பார்கள். எனக்கு உயிரோடு இருக்கும்போதே வேண்டியிருக்கிறது, என்ன செய்ய!

கேட்டுக் கேட்டுத்தான் அந்த ஆரஞ்சு நிற நாற்காலி வந்தது. இடுப்புக்கு பெல்ட், தூக்க நாலு கைப்பிடி. எங்கள் ஷூவை வாங்கும் ஜெர்மன்காரர் இன்று ஒத்திகையைப் பார்க்க வந்திருந்தார். முதல் தடவையாக என்னைப் படியில் இறக்கப் போகிறார்கள் என்று காலையில் எனக்கு நாஷ்டாகூட இறங்கவில்லை.

சைரன் அடித்தது.

மிஷின்கள் நின்றன. செருப்புச் சத்தம் படியில் இறங்கி ஓய்ந்தது.

ஹாலில் நான் மட்டும். இந்த ஹால் இவ்வளவு பெரியது என்று பதினோரு வருஷத்தில் எனக்குத் தெரியாது.

ஜன்னல் பக்கம் வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். போங்கடா என்று சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனேன்.

வெளியே இருக்கும் இரும்புப் படியில் நாலு ஆண்கள் சோபனாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண் அவள், நாற்பது கிலோ இருந்தால் அதிகம். கண்ணை இறுக்க மூடியிருந்தாள். படி திரும்பும் இடத்தில் நரைத்த மீசைக்காரர் ஒருவர், அவள் தலை கம்பியில் இடிக்காதபடி தன் கையைக் குறுக்கே வைத்தார்.

அதை யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இந்த ஒரு மனிதர் போதும், என்னையும் விட்டுவிட மாட்டார் என்று தோன்றியது.

கீழே பெயர் வாசித்தார்கள். நசீமுன்னிசா என்றதும் சோபனா கையைத் தூக்கினாள். அவள் பெயருக்கு லீவு போட்டிருந்தார்கள். மாடியில் யாரும் இல்லை என்று மைக்கில் அறிவித்தார்கள். ஜெர்மன்காரர் கைதட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள்.

மேலே வந்ததும் சோபனா நேராக என்னிடம்தான் வந்தாள். மன்னிச்சிடுக்கா என்றாள்.

“அது கெடக்குது வுடு. அந்த மீசைக்காரர் எந்த செக்‌ஷன்? பேரு இன்னா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நம்ம கம்பெனியே இல்லக்கா. லாரிக்கு லோடு ஏத்தற ஆளுங்களாம். நம்மாளுங்க தூக்கிப் பழக்கமில்லன்னு, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கூட்டினு வந்தாங்க.”

மறுபடியும் ஜன்னலுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்ற மினி லாரியில் நாலு பேரும் பின்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். மீசைக்காரர்தான் கடைசி.

“அண்ணே!” என்று கத்தினேன்.

அதற்குள் மிஷின்கள் எல்லாம் ஓடத் தொடங்கியிருந்தன.