பக்கத்துக் கட்டம்

பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து அதிகாரியின் மேசைமேல் வைத்தாள் தையற்காரி.

“பதினோரு இன்ச் சார். வெள்ளைக் கோட்டுக்கும் மஞ்சள் கோட்டுக்கும் நடுவுல. நானே குனிஞ்சு அளந்தேன்.”

கார் நிறுத்துமிடத்தை நடத்தும் கம்பெனியில் புகார் கேட்பதற்கென்றே உட்கார வைக்கப்பட்டவர் அவர். கழுத்தில் அட்டை, முகத்தில் கொட்டாவி.

மருத்துவமனையின் அடித்தளத்தில் கார் கட்டங்களுக்கு மஞ்சளில் புதுக் கோடு போட்டிருந்தார்கள். பழைய வெள்ளைக் கோட்டை அழிக்கவில்லை. அவள் வெள்ளைக் கோட்டுக்குள் ஒழுங்காகத்தான் நிறுத்தினாள். மஞ்சள் கோட்டின் கணக்கில் பார்த்தால், அவள் காரின் ஒரு பக்கச் சக்கரங்கள் பக்கத்துக் கட்டத்துக்குள் நின்றன. அதற்குத்தான் அபராதம்.

துணியில் இரண்டு கோடு போட்டால் ஒன்று தைக்க, ஒன்று வெட்ட. எது எதற்கென்று சொல்லாமல் விட்டால் சட்டை கோவிந்தாதான். தையல் மிஷினில் முதல் நாள் உட்காருகிறவளுக்குக்கூடத் தெரிந்த விஷயம், இத்தனை பெரிய கம்பெனிக்குத் தெரியவில்லை.

காசு பெரிதில்லை. நாலு சட்டை தைத்தால் தீர்ந்துவிடும். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. கோடு போட்டதில் தப்பு எங்களுடையது என்று கையெழுத்தோடு ஒரு வரி.

அன்றைக்கு அவள் நான்காவது மாடியில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒலிபெருக்கியில் அவளுடைய கார் நம்பரைச் சொல்லி, உடனே வந்து நகர்த்தாவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவோம் என்றார்கள்.

கையை விட்டுவிட்டு ஓடினாள்.

நகர்த்திவிட்டு மூச்சிரைக்க மேலே வந்தபோது நர்ஸ் கதவருகில் நின்றிருந்தாள்.

பத்தே நிமிஷம். அதற்குள் அப்பா போய்விட்டார். பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் போய்விட்டார்.

“கீழ வந்து பார்த்தா பக்கத்துக் கட்டம் காலியாக் கிடக்கு சார். யாருக்கு இடைஞ்சல்னு என்னைக் கூப்பிட்டீங்க?”

இதே கேள்வியைத்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டாள். மூன்று மாதமாகக் கேட்கிறாள். பேசாமல் ஒரு வக்கீல் கோட்டு தைத்துப் போட்டுக்கொள் என்று வீட்டுக்காரர்கூடக் கிண்டல் செய்தார்.

தம்பி ஒருவன்தான் அக்கறையாகப் பேசினான். “விட்டுத் தொலைக்கா, அந்தக் காசை நான் கட்டிடறேன்” என்று மூன்று தடவை சொல்லிவிட்டான். டீக்கு யார் காசு கொடுப்பது என்ற பேச்சு வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிகிற ஆள் அவன். அவனா இப்படி என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்பாவோடு ஆறு வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவன். அவள் அழுது கெஞ்சியதில்தான் அன்றைக்கு மனசு இறங்கிக் கிளம்பினான். வழியிலிருந்து போன் செய்தபோது அதை அப்பாவின் காதில் வைத்தாள். “வந்துட்டே இருக்கேன்ப்பா. இன்னும் ரெண்டு மணி நேரம்.” அதற்குப் பிறகு அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பிணவறை வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுத அவனை அவள்தான் தேற்றினாள்.

அதிகாரி கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

“காலின்னு சொல்றீங்களே மேடம், இதைப் பாருங்க. பாவம், கதவைத் திறக்க முடியாம உள்ளயே உட்கார்ந்திருக்கார். வாட்ச்மேன் பார்த்துட்டுத்தான் போட்டோ எடுத்து, உங்களைக் கூப்பிடச் சொன்னாரு. நீங்க வர்றதுக்குள்ள அவர் கிளம்பிட்டார்.”

படத்தில் அவளுடைய கார். அதை ஒட்டி ஒரு கருநீலக் கார். அதன் இன்னொரு பக்கக் கதவுக்கு வெளியே தாராளமாக இடம் கிடந்தது. இறங்க நினைத்தவன் அந்தப் பக்கமாக இறங்கியிருக்கலாம்.

உள்ளே இருந்தவன் சீட்டை நன்றாகச் சாய்த்துவிட்டிருந்தான். காதில் போன். கண் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தம்பி.

படத்தின் மூலையில் மணி 4.12.

தன் போனை எடுத்துப் பார்த்தாள். தம்பியின் அந்த அழைப்பை அவள் அழிக்கவே இல்லை. அப்பா கடைசியாகக் கேட்ட குரல் அல்லவா. மணி 4.10, மூன்று நிமிஷம்.

நான்கு மாடி. லிப்ட்கூட இருந்தது.

“தெரிஞ்சவரா மேடம்? எனக்கு ஒரு இடைஞ்சலும் இல்லைன்னு அவர் எழுதிக் குடுத்தாப் போதும். அபராதத்தை ரத்து பண்ணிட்டு, கோடு எங்க தப்புன்னும் எழுதித் தந்துடறேன்.”

மூன்று மாதமாகக் கேட்ட வரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

“தெரியாது” என்றாள்.

இன்ச் டேப்பைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் நின்று தம்பியைக் கூப்பிட்டாள்.

“போட்டோவைப் பார்த்துட்டேன். காசை நீயே கட்டிடு.”

எந்தப் போட்டோ என்று அவன் கேட்கவில்லை.