சுயராஜ்யக்காரர் மண்டபம்

சுகுமாரனுக்கு ஒரே ஒரு சாட்சி தேவைப்பட்டது. அந்தச் சாட்சியைக் காரில் ஏற்றி, சீட் பெல்ட்டும் மாட்டிவிட்டு, சுங்கை சிப்புட் மண்டபத்துக்குக் கூட்டி வந்துவிட்டார்.

பெயர் கருப்பம்மாள். வயது எண்பத்தைந்து. அந்தக் காலத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர் என்று மட்டும் சபைக்குச் சொன்னார்.

மண்டபத்துக்குப் புதுப்பெயர் வைக்கத்தான் அன்றைய கூட்டம். 'சுயராஜ்யக்காரர் சன்னாசி மண்டபம்'. சன்னாசி வேறு யாருமில்லை, சங்கத் தலைவர் சுகுமாரனின் தாத்தா. பெயர்ப்பலகை ஈப்போவில் தயாராகிவிட்டது. சபையின் சம்மதம் மட்டும்தான் பாக்கி.

சுயராஜ்யக்காரர் என்றால் நம்மை நாமே ஆளவேண்டும் என்று கேட்டவர், வெள்ளைக்காரனுக்குச் சிம்மசொப்பனம் என்று அரைமணி நேரம் விளக்கினார். 'சுய' என்று வரும் இடத்திலெல்லாம் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்.

தோட்டமே தாத்தாவை அப்படித்தானே கூப்பிட்டது என்று கருப்பம்மாளிடம் கேட்டார்.

அவர் ஆமாம் என்றார். சபை கைதட்டியது.

அதோடு விட்டிருக்கலாம். செயலாளர் பிரமிளாவுக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. அந்தப் பேர் எப்படி வந்தது என்று கேட்டுவைத்தாள்.

"காலையில பெரட்டுல எல்லாரையும் நிக்கவச்சுப் பேர் கூப்பிட்டா வரமாட்டாரு, லயத்து வீட்டுலயே படுத்துக் கிடப்பாரு. 'அவரு சுயராஜ்யம்லா, யாரும் கேக்க முடியாது'ன்னு வேலை வாங்குற மண்டோர் சிரிப்பாரு. அப்புறம் வேலைக்கு மட்டம் போட்ட எல்லாருக்குமே அந்தப் பேருதான்."

பின்வரிசை சிரித்தது. சுகுமாரனா அசருகிற ஆள்? மேடை மைக்கில் குரலை உயர்த்தி, வெள்ளைக்காரனின் வருகைப்பதிவையே புறக்கணித்த மாவீரன் என்றார். இந்த முறை கைதட்டல் இன்னும் பலம். பிரமிளாவும் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

சிரித்தவர்கள் உட்பட எல்லாரும் தூக்கினார்கள். கருப்பம்மாளின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. நீங்கள் தூக்கவில்லையா என்று பிரமிளா குனிந்து கேட்டாள்.

"இது மேல ஏறாதும்மா. அப்பா படுத்துக்கிட்டாரு. பத்து வயசுலேர்ந்து அவரு மரத்தையும் சேர்த்து நாந்தான் சீவினேன்."

சாட்சி சொல்லக் கொடுத்த மைக் இன்னும் அவர் பக்கத்தில்தான் இருந்தது. தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன.

சுகுமாரன் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார். காலையிலிருந்து முதல் தடவையாக உறவு சொல்லிக் கூப்பிட்டார்.

"வாங்க அத்தை, பசியாறப் போலாம்."