ஒப்புதல் கேட்காத பந்தல்

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலை. தண்ணீர்ப் பந்தல் குழுத் தலைவர் புவனேஸ்வரனின் கைப்பேசி ஒருமுறைகூட ஒலிக்கவில்லை.

அவர் அதை இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார்.

போன வருடம் இந்நேரம் காது சூடேறும்வரை பேசியிருந்தார். மோர் எத்தனை அண்டா, லாரி எந்தப் பக்கம் நிற்பது, எல்லாம் அவர் தலையாட்டினால்தான் நடக்கும். அந்த ஒரு தலையாட்டலுக்காகத்தான் மனுஷன் வருடம் முழுக்கக் காத்திருப்பார்.

அடித்துப்பிடித்து மலையடிவாரத்துக்குப் போனால், பந்தல் போட்டு முடிந்திருந்தது. தயிர் வந்து இறங்கியிருந்தது. பாகான் டாலாம் ஊர்ப் பிள்ளைகள் முறைவைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குறை சொல்ல இடமில்லை. அதுதான் கொடுமை.

செயலாளர் காமினி மடிக்கணினியும் கையுமாக வந்தாள். கணினி நிறுவனத்தில் வேலை. இந்த முறை பந்தல் வேலைகளை ஏஐ ஏஜென்டுகள் என்ற கணினி நிரல்களிடம் பிரித்துக் கொடுத்தது அவள்தான்: சாமானுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்று, மூன்றையும் கட்டி மேய்க்க இன்னொன்று. வேலை பழகட்டும் என்று குழுவின் பழைய வாட்ஸ்அப் பேச்சுகளையெல்லாம் படிக்கக் கொடுத்திருந்தாள். எதுவானாலும் தலைவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது ஒன்றே கட்டளை.

"என்னைக் கேக்காம எப்படிம்மா எல்லாம் நடந்துச்சு?"

"ஏஜென்டுங்க வாட்ஸ்அப்ல கேட்டுச்சுங்க அண்ணே. நீங்கதான் எல்லாத்துக்கும் 'பொறு லா, பாக்கலாம்'னு போட்டீங்க. வேலை தேங்கிருச்சு. அதான் எல்லாம் கூடிப் பேசி..." காமினி மடிக்கணினியை மூடினாள். "தலைவரை மாத்திருச்சு. இப்போ அந்த மேய்க்கிற ஏஜென்டுதான் தலைவர்."

புவனேஸ்வரனுக்கு முகம் சுண்டிப்போனது. இதுகளுக்கு மட்டு மரியாதை தெரியுமா என்று குதித்தார்.

அவர் குதித்து முடிப்பதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சாமான் ஏஜென்டு அனுப்பிய பொட்டலம். உள்ளே ஒரு பொன்னாடை, ஒரு சந்தன மாலை, 'நிரந்தரக் கௌரவ ஆலோசகர்' என்று அச்சடித்த அட்டை.

காமினி பொன்னாடையைப் பிரித்தாள். அவர் தலை தானாகக் குனிந்து கொடுத்தது.

பந்தலின் பின்பக்கம், மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில், முன்னாள் தலைவர் மெய்யநாதன் உட்கார்ந்திருந்தார். வேலை தேங்குகிறது என்று அதே வாட்ஸ்அப்பில் சொல்லி, பொன்னாடை போர்த்தி, ஆலோசகர் என்று பெயர் சூட்டி, அவரை அங்கே உட்கார வைத்தவர் புவனேஸ்வரன்தான்.

மெய்யநாதன் பொன்னாடையோடு நின்ற புவனேஸ்வரனை நிமிர்ந்து பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பக்கத்துக் காலி நாற்காலியின் தூசியைத் தட்டிவிட்டார்.