பத்துக் கொக்கு வேண்டும்

“கழுத்தை இன்னும் கொஞ்சம் திருகியிருக்கலாம்க்கா. அந்த ஓரத்துல நிக்கிறது விறைச்சுப் போன மாதிரி இருக்கு.”

“வாயை மூடுடா. ஆபீசரம்மா வர்ற நேரம்.”

பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, அக்காவும் தம்பியும் கீழே பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தையல்காரி. தம்பிக்கு அடுத்த தெருவில் சலூன். அவர்களுக்குப் பின்னால் நாலு தெரு ஜனமும் பரீட்சை முடிவுக்கு நிற்பதுபோல் நின்றது.

கீழே ஆறு கடலோடு சேரும் இடம். தண்ணீர் வடிந்து சேறு மினுங்கியது. தூரத்தில், அந்தச் சேற்றின் நடுவே, வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள்.

நேற்று சாயங்காலம் போய்க் குத்தி வைத்துவிட்டு வந்தவை. உடம்புக்கு, முடி வெட்டும்போது சலூனில் போர்த்தும் வெள்ளைத் துணி. உள்ளே பஞ்சு. காலுக்குப் பழைய குடைக்கம்பி. மொத்தம் பன்னிரண்டு. மூன்று நாள் கடையை மூடி வைத்து, ஊரார் சட்டையையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, தையல்காரி தைத்தாள்.

வேறு வழி தெரியவில்லை. லாரிகள் நிறுத்துவதற்காக அந்த முகத்துவாரத்தை மண் கொட்டி மூடப் போகிறார்கள். குறைந்தது பத்து நீர்ப்பறவை இருந்தால் அந்த இடத்தைத் தொடக்கூடாது என்று விதி. அதை எண்ணத்தான் இன்று ஒன்பது மணிக்கு அதிகாரி வருகிறார்.

மூன்று வருடமாக ஞாயிறுதோறும் அந்தச் சேற்றில் இறங்கி டயரும் பிளாஸ்டிக்கும் அள்ளியவர்கள் இந்த நாலு தெருக்காரர்கள். அலையாத்திக் கன்றுகளை நட்டு, சாய்ந்ததை நிமிர்த்தி, செத்த இடத்தில் மறுபடி நட்டு, இப்போது அவை இடுப்பளவு வளர்ந்துவிட்டன. நண்டு வந்தது. மீன்குஞ்சு வந்தது. கொக்கு மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. வானத்துக்கு யாரும் இன்னும் தகவல் சொல்லவில்லை போலிருந்தது.

பாலத்து முனையில் ஜீப் வந்து நின்றது. கழுத்தில் பைனாகுலர் ஆட, அதிகாரி இறங்கி நடந்து வந்தார். அவருடைய பேண்ட்டில் முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்திருந்தது.

“எங்கேயோ வழுக்கி விழுந்துட்டு வர்றாங்கக்கா.”

“சிரிச்சே, கொன்னுடுவேன்.”

பின்னால் நின்ற ரொட்டிக்கடைக்காரர் சிரிப்பை அடக்க இருமினார். பக்கத்தில் இருந்தவரும் இருமினார். இருமல் பாலத்தின் அந்தக் கோடி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது.

“என்ன, எல்லாருக்கும் சளியா?” என்றார் அதிகாரி.

“பனி மேடம்,” என்றான் தம்பி. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

அதிகாரி பைனாகுலரைத் தூக்கினார். “ஒண்ணு... ரெண்டு... மூணு...” நாலு தெரு உதடுகளும் சத்தமில்லாமல் கூடவே எண்ணின. பத்து என்றபோது யாரோ ஒரு பெண் கை தட்டிவிட்டு, கொசு அடித்த மாதிரி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

“பதினொண்ணு,” என்று முடித்தார் அதிகாரி.

“இன்னொண்ணு எங்கக்கா?”

“தண்ணி இழுத்திருக்கும். பத்து தாண்டிடுச்சுல்ல, விடு.”

“அட, அந்தக் கடைசிக் கொக்கைப் பாருங்களேன்!” அதிகாரியின் குரலில் குழந்தை ஒன்று குதித்தது. “ஒத்தக் கால்ல நிக்குது! என்ன ஒய்யாரம்!”

தையல்காரி தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “கம்பி கழண்டிருச்சுடா.”

“ரெட்டைத் தையல் போடுன்னு அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா நீ?”

அதிகாரி படிவத்தை விரித்து எண்ணை எழுதினார். பிறகு பேனாவைத் தையல்காரியிடம் நீட்டினார். “ஊர்க்குழுவுக்கு நீங்கதானே தலைவி? சாட்சிக் கையெழுத்து வேணும். எண்ணினது எல்லாம் உயிருள்ள பறவைதான்னு இந்த வரிக்குக் கீழே போடுங்க. அவ்வளவுதான், இனி இந்த இடத்தை எந்த லாரியும் தொடாது.”

அவ்வளவுதான். ஒரு கையெழுத்து. தையல்காரி பேனாவை வாங்கினாள். கீழே கன்றுகள் காற்றில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. மூன்று வருடத்தில் இங்கே நடந்தது ஒரே ஒரு பொய். அதையும் தன் கையாலேயே தைத்திருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது.

“போடுக்கா,” என்று தம்பி முழங்கையால் இடித்தான்.

“என்னால முடியாது மேடம்.” அவள் பேனாவைத் திருப்பி நீட்டினாள். “அது கொக்கே இல்ல. துணி. பன்னெண்டு தைச்சு நாங்கதான் வெச்சோம். தண்டனை என்னவோ எனக்குக் குடுங்க, கன்னுங்களை விட்டுடுங்க.”



தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். “போச்சு! மூணு வருஷச் சேறு, மூணு செகண்டுல!”

அதிகாரி பேனாவை வாங்கவில்லை. உதட்டோரம் துடிக்க, சேற்றுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“உங்க துணிக்கொக்கு பன்னெண்டையும் காலையில ஆறு மணிக்கே பிடுங்கி என் ஜீப்புல போட்டுட்டேன், கொஞ்சம் வந்து இறக்கிக்கிறீங்களா?”