தென்னம்பாளை

ஏரிச் சேற்றின் அடியாழத்தில் தென்னை மகரந்தம் கிடைத்தது. பல நூறு வருஷம் முன்பே இங்கே ஆட்கள் தென்னை வைத்துக் குடியிருந்தார்கள் என்று ஆய்வாளர் பூங்கோதை எழுதிக்கொடுத்தாள். நேற்று வந்தவர்கள் என்று விரட்டப்படவிருந்த ஏரிக்கரைக்காரர்கள் தப்பித்தார்கள்.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சேறெடுக்கும் குழாயை இறக்குமுன், நல்லபடியாக முடியட்டுமென்று அதன் வாயில் பூ விரிந்த தென்னம்பாளை கட்டிப் பூஜை போட்டது அவளேதான்.

சொல்லிவிடுவதென்று ஏரிக்கரைக்குப் போனாள். ஊரே கும்பிட்டு நின்றது. குழாய் இறக்கிய அன்றைக்குப் படகு தள்ளிய சுடலி, கோயில் குடத்துக்கான பாளையை அவள் கையில் கொடுத்தாள்.

"நீங்களே விரிச்சு வைங்கம்மா," என்றாள் மெல்ல. "அன்னிக்குக் குழாயில வச்சீங்களே, அது மாதிரி."

பாளை பிரிந்ததும் விரலெல்லாம் மகரந்தம் மஞ்சளாய் அப்பியது. துடைத்துக்கொள்ளச் சுடலி தன் முந்தானையை நீட்டினாள்.