இங்கிலீஷ் தெரியாத டீச்சர்

“அம்மா, இன்னைக்காவது உண்மையைச் சொல்லிடலாமா?” காரை வகுப்பு நடக்கும் கட்டடத்தின் முன் நிறுத்தியபடி வான்மதி கேட்டாள்.

“மூச்சு விடக் கூடாது. நாளைக்கு ஃப்ளைட் ஏறுற வரைக்கும் எனக்கு ஏபிசிடி கூடத் தெரியாது” என்றாள் கலாவதி.

மகள் சிரித்தாள். கலாவதிக்குச் சிரிப்பு வரவில்லை.

அமெரிக்காவில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மகளோடு மூன்று மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவள் அவள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல், வான்மதிதான் அவளை இழுத்து வந்தாள். ஆறு பிள்ளைகள். ஆறுக்கும் தமிழ் புரிந்தது. ஆனால் பதில் மட்டும் இங்கிலீஷில் வந்தது.

“தண்ணி வேணுமா கண்ணு?”

“நோ, ஐம் குட்.”

முதல் நாள் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “எனக்கு இங்கிலீஷே தெரியாது சாமி. தமிழ்ல சொன்னாத்தான் புரியும்” என்று சொல்லிவிட்டாள்.

கோபிச்செட்டிப்பாளையத்தில் முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள் அப்படிச் சொன்னாள்.

அந்தப் பொய்க்குப் பலன் கிடைத்தது. ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று தொடங்கி, “டீச்சர், என் ஷூ கயிறு ஓடிப் போச்சு”, “மகிழன் என்னை முறைச்சுப் பாக்குறான்” என்று புகார் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்கள். அதுவும் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு வேகமே வேறு. அன்றைக்கு ஜன்னல் வழியாக ஒரு குளவி வந்து மகிழனின் கழுத்தில் உட்கார்ந்துவிட்டது. பதறிப்போய்க் கலாவதி போட்ட சத்தத்தில் ஆறு பேரும் சிலையாக நின்றார்கள். குளவி தானாகப் பறந்து போனது. “நீ போட்ட அதட்டல்லதான்மா தமிழ் வந்துச்சு” என்று, கலாவதி சொல்லக் கேட்ட வான்மதி இன்னமும் கிண்டல் செய்வாள்.

பொய்க்கு விலையும் இருந்தது. பிள்ளைகளில் ஒருத்தியான ஹஃப்சா ‘அத்தா’ என்று கூப்பிடும் அவள் அப்பா சுஃபியான், ஒருநாள் கலாவதியை வைத்துக்கொண்டே வான்மதியிடம் இங்கிலீஷில், “பாவம், பள்ளிக்கூடம் பக்கமே போகாதவங்க போல. ஆனா பிள்ளைங்ககிட்ட என்ன பொறுமை!” என்றார். புரியாதவள் போலப் புன்னகைத்துக்கொண்டு நின்றாள். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. அதைக்கூட மறந்துவிடலாம். ஆறு குழந்தைகளை ஏமாற்றுகிறோமே என்பதுதான் ஒவ்வொரு ஞாயிறும் நெஞ்சில் நெருடியது. அடுத்த வாரம் வரப்போகிற டீச்சர் இங்கேயே வளர்ந்த பெண். அவளிடம் பிள்ளைகள் பழையபடி இங்கிலீஷுக்கே போய்விட்டால், தான் கட்டியது எல்லாம் பொய்மேல் கட்டிய வீடுதானே?

கடைசி நாள் என்பதால் பெற்றவர்களும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு வயது ஹஃப்சா முன்னால் வந்து நின்றாள். கையில் காகிதம் இல்லை.

“எங்க டீச்சர் நாளைக்கு ஊருக்குப் போறாங்க. எங்களுக்கு அழுகை வருது. ஆனா மகிழன் மட்டும் அழ மாட்டேன்னு சொல்றான். அவன் சும்மா சொல்றான்.”

அறை சிரித்தது. மகிழன் முகத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான். கலாவதிக்குக் கண் கலங்கியது. முப்பது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறார்கள். ஒரு நூறும் இப்படி அவளை நிமிர்ந்து உட்கார வைத்ததில்லை.

சுஃபியான் எழுந்து வந்து கைகூப்பினார். “ஆன்ட்டி, வீட்ல இவ ஒரு வார்த்தை தமிழ் பேச மாட்டா. நாங்களும் என்னென்னமோ ட்ரை பண்ணிட்டோம். நீங்க எப்படி மேனேஜ் பண்ணீங்க?”

“எனக்கு வேற பாஷை தெரியாதுங்களே, அதான்” என்றாள் கலாவதி. சொல்லும்போதே நாக்கு கூசியது.

எல்லாரும் கலைந்தார்கள். சுஃபியான் காரை எடுக்கப் போக, ஹஃப்சா வாசலில் கலாவதியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனிமேல் இவளைப் பார்ப்போமோ மாட்டோமோ? பொய்யோடு விடைபெறக் கலாவதிக்கு மனம் வரவில்லை. குனிந்து உட்கார்ந்தாள்.

“ஹஃப்சா கண்ணு, டீச்சர் உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும்.”

“தெரியும் டீச்சர்.”

“என்ன தெரியும்?”

“உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்னு. அந்தப் பூச்சி வந்துச்சுல்ல? அப்போ நீங்க ‘நோபடி மூவ்! ஸ்டே வேர் யூ ஆர்!’னு கத்துனீங்க.” கண்ணை அகல விரித்தாள். “சூப்பர் இங்கிலீஷ்!”

வகுப்பறையில் பதறியதும் முப்பது வருஷப் பழக்கம் தானாக வாயில் வந்திருக்கிறது. கலாவதிக்கே அது தெரியவில்லை.

“மத்தவங்களுக்கும் தெரியுமா?”

“ஆறு பேருக்கும். யாரும் சொல்லக் கூடாதுன்னு பிராமிஸ் பண்ணியிருக்கோம்.”

“அப்புறமும் ஏன் சாமி எங்கிட்டத் தமிழ்லயே பேசுனீங்க? தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. “ஹஃப்சா, கம் ஆன், ஸ்வீட்டி! வி ஆர் கெட்டிங் லேட்!” என்று சுஃபியானின் குரல் கேட்டது.

ஹஃப்சா காரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கலாவதியின் காதருகே வந்தாள்.

“சொன்னா, அப்புறம் நீங்களும் எங்க அத்தா மாதிரி எங்ககிட்ட இங்கிலீஷ்லயே பேசிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு.”