ஒரு வாய்

முகாமில் அடைபட்டவர்களுக்குச் சோறு கொண்டுவருகிறவர்கள், காவல்காரர் பார்க்க ஒரு வாய் தின்று காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். மாலையில் காலித் தூக்குச்சட்டியை வாங்கிப் போகலாம்.

அன்று வாசலில் நின்ற சிப்பாய் மாசிலாமணிக்குக் காலையிலேயே உத்தரவு வந்துவிட்டது. “அந்தப் பையன் செத்தது அம்மாக்காரிக்குத் தெரியக்கூடாது. சோத்தைக் கொட்டிட்டு, வழக்கம்போல சட்டியைக் குடு.”

பையனின் அம்மா பொன்னுத்தாய், அவன் கேட்காமலே ஒரு வாய் தின்று காட்டினாள். “சுறாப்புட்டு, தம்பி. ஆறுறதுக்குள்ள அவன்கிட்ட சேத்துருங்க.”

“சரிம்மா.”

மாலையில் அவன் சட்டியை அப்படியே நீட்டினான். வாங்கியவளின் கை கனத்தில் தாழ்ந்தது.

“ஏன் தம்பி, சாப்பிடலையா?”

அவன் எதுவும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது உத்தரவு.

அவள் மூடியைத் திறந்தாள். காலையில் அவள் அள்ளிய ஒரு வாய்க் குழி மட்டும் புட்டில் இருந்தது.